மீன் டேங்க்குக்கு மேக்ரோ லென்ஸ்: ஸ்கேல் வைத்து அளந்து வாங்கியது

ஜோவாந்தஸ் என்ற பவள வகையில் பாலிப் ஒன்றின், அதாவது கூட்டத்திலுள்ள ஒரு தனி உயிரின், அகலம் எட்டு மி.மீ. இருக்கும். அதன் நடுவில் கோடு போட்டது போன்ற வாய், ஓரத்தைச் சுற்றிலும் மெல்லிய இழைகள். அந்த இழைகளின் நுனி ஒவ்வொன்றும் தனியாகத் தெரிகிற படம் எனக்கு இப்போதுதான் கிடைத்திருக்கிறது. கேமரா பழைய கேனான் 700டி. லென்ஸ் அதைவிடப் பழையது, செகண்ட் ஹேண்டில் 19,000 ரூபாய்க்கு வாங்கியது. இங்கே வந்து சேர்வதற்குள் ரிவர்ஸ் ரிங், எக்ஸ்டென்ஷன் டியூப், குளோஸ்-அப் லென்ஸ் என்று ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். எது எதற்கு உதவும், எது மீன் டேங்க் முன்னால் வேலைக்கே ஆகாது என்று இப்போது அளவோடு சொல்ல முடியும். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் டேங்கைப் பற்றி. நீளம் 60, அகலம் 40, உயரம் 40 செ.மீ. கண்ணாடி 8 மி.மீ. சாதா ஃப்ளோட் கண்ணாடி. உள்ளே பண்ணையில் பொரித்த கோமாளி மீன் ஒரு ஜோடி, கொஞ்சம் காளான் பவளம், ஜோவாந்தஸ் கூட்டம் ஒன்று. வன்பவளம் எதுவும் இல்லை. பாறை கட்டும் பவள இனங்கள் எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து உடைத்துக்கொண்டு வந்ததை யாராவது நீட்டினால் தொடவே தொடாதீர்கள். அது கடலில் இருக்கட்டும்.

பாறை அடுக்கு முன் கண்ணாடியிலிருந்து 8 செ.மீ. தள்ளித் தொடங்குகிறது. ஜோவாந்தஸ் இருப்பது 14 செ.மீ. ஆழத்தில். மீன்கள் பெரும்பாலும் சுற்றுவது 10 முதல் 25 செ.மீ.க்குள். இந்த எண்களை நான் முதல் நாளே எடுத்திருந்தால் வீண் செலவு மிச்சமாகியிருக்கும். நீங்கள் லென்ஸ் தேடும் முன் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை டேங்கின் மேல்விளிம்பில் வைத்து, படமெடுக்க விரும்பும் இடம் கண்ணாடியிலிருந்து எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு சலுகை உண்டு. தண்ணீருக்குள் இருப்பது நமக்குக் கிட்டத்தில் இருப்பது போலத் தெரியும், ஏறக்குறைய முக்கால் பங்கு. 14 செ.மீ. ஆழத்தில் இருக்கும் பாலிப் லென்ஸின் கணக்கில் பத்தரை செ.மீ.தான்.

கிட் லென்ஸில் ஆரம்பித்தேன். 18-55 எஸ்.டி.எம். லென்ஸை 55-இல் வைத்து, போகும் வரை கிட்டே போனால் 0.36 மடங்கு கிடைக்கிறது, அதாவது பொருளின் நிஜ அளவில் 0.36 பங்கு சென்சாரில் விழுகிறது. என் கேமரா சென்சாரின் அகலம் 22.3 மி.மீ. அப்படியென்றால் ஃபிரேமில் சுமார் 62 மி.மீ. அகலம் அடங்கும். என் பெண் மீன் ஆறு செ.மீ. நீளம், அதாவது முழு மீனும் ஃபிரேமை நிறைத்துவிடும்! முழு மீன் படம் மட்டும் போதும் என்பவர்கள் இங்கேயே நின்றுவிடலாம், தனி லென்ஸ் தேவையில்லை. அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துவாரத்தை, எஃப்/8-க்கு மூடினால் நல்ல கூர்மைதான். எனக்குக் கண்ணும் செதிலும் பாலிப்பும் வேண்டியிருந்தன. எட்டு மி.மீ. பாலிப் அந்த ஃபிரேமில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் வரும். வெட்டிப் பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகிவிடுகிறது.

அடுத்தது ரிவர்ஸ் ரிங், 250 ரூபாய். லென்ஸைத் திருப்பி மாட்டும் வளையம். பூச்சி எடுப்பவர்கள் இதை வைத்து அற்புதம் செய்கிறார்கள். ஆனால் டேங்க் முன்னால் இதற்கு இடமே இல்லை. திருப்பி மாட்டிய லென்ஸ் ஃபோகஸ் ஆகும் தூரம் அதன் மவுண்ட்டிலிருந்து (வழக்கமாகக் கேமராவில் பொருந்தும் முனை) ஏறக்குறைய நாலு ஐந்து செ.மீ.தான். கேனான் மவுண்ட்டுக்கும் சென்சாருக்கும் இடையே உள்ள தூரம் 44 மி.மீ. என்பதால் வரும் கட்டுப்பாடு அது, எந்த லென்ஸைத் திருப்பினாலும் பெரிதாக மாறாது. அவ்வளவு கிட்டத்தில் எனக்குக் கிடைத்தது கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த ஊதாப் பாசி மட்டுமே. அது அழகாகத்தான் வந்தது.

பிறகு எக்ஸ்டென்ஷன் டியூப் செட், லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டும் வெற்றுக் குழல்கள். 12, 20, 36 மி.மீ. என்று மூன்று வளையம், மின்தொடர்பு உள்ளது, 2,100 ரூபாய். மின்தொடர்பு இல்லாத செட் அப்போது நானூறு ஐந்நூறுக்குக் கிடைத்தது. கேனானில் அதை மாட்டினால் அப்பர்ச்சரை மூட முடியாது, அகலத் திறந்தபடியே எடுக்க வேண்டும். அரை மி.மீ.கூட ஃபோகஸில் இருக்காது. அந்தப் பணத்தைச் சேமித்துவிடுங்கள்.

50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸுக்குப் பின்னால் 36 மி.மீ. டியூபைப் போட்டதும் முதன்முதலாக ஃபிரேமில் பாலிப் பாலிப்பாகத் தெரிந்தது. லென்ஸ் முனையிலிருந்து பொருள் வரை ஸ்கேலில் சுமார் 10 செ.மீ. கண்ணாடியோடு லென்ஸை ஒட்டிவைத்தால் முன்வரிசைப் பாறையும் ஜோவாந்தஸின் முன்ஓரமும் எட்டுகின்றன. அசையாத பொருளுக்கு இது போதும். மீனுக்குத்தான் சரிவரவில்லை. ஃபோகஸ் வளையத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பினாலும் ஃபோகஸ் நகர்வது ஒன்றரை செ.மீ. மட்டுமே. மீன் அந்த ஒன்றரை செ.மீ. இடுக்குக்குள் வரும்வரை காத்திருந்து, வந்த கணத்தில் அழுத்த வேண்டும். ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். 36-ஐ எடுத்துவிட்டு 20 மி.மீ. டியூப் போட்டால் தூரம் 15 செ.மீ. வரை கூடுகிறது, பெருக்கம் 0.4 அளவுக்கு இறங்குகிறது. அதற்குக் கிட் லென்ஸே போதுமே.

சென்னை கொளத்தூரில் ரீஃப் டேங்க் (பவளத் தொட்டி) வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "தம்பி, எத்தன மடங்கு பெருசாக்குதுன்னு பாக்காத. எவ்ளோ தூரத்துல நின்னு பெருசாக்குதுன்னு பாரு. எட்டலேன்னா எத்தன எக்ஸ் இருந்து என்ன?" என்றவர், தன்னுடைய ரேனாக்ஸ் குளோஸ்-அப் லென்ஸ்கள் இரண்டையும் எடுத்துக் கொடுத்தார். டி.சி.ஆர்.-250, டி.சி.ஆர்.-150. இரண்டும் லென்ஸ் முனையில் கிளிப் போலக் கவ்விக்கொள்ளும். 52 முதல் 67 மி.மீ. வரை ஃபில்டர் அளவுள்ள எந்த லென்ஸிலும் நிற்கும்.

எல்லோரும் வாங்குவது 250. அதன் பவர் 8 டயாப்டர், எனவே வேலைத்தூரம், அதாவது லென்ஸ் முனையிலிருந்து பொருள் வரை, பன்னிரண்டரை செ.மீ. 150-இன் பவர் 4.8, வேலைத்தூரம் 20 செ.மீ.க்குச் சற்று மேல். டேங்க்குக்கு 150-தான் சரி. இதை என் 55-250 ஜூமில் மாட்டினேன். ஜூமை எப்படித் திருப்பினாலும் தூரம் ஏறக்குறைய அதே இருபதுதான், பெருக்கம் மட்டும் மாறுகிறது. 100-இல் சுமார் அரை மடங்கு, 250-இல் 1.2 மடங்கு. நின்ற இடத்தில் நின்றபடி ஜூமைத் திருப்பி முழுக் கூட்டத்தையும் எடுக்கலாம், ஒரு பாலிப்பையும் எடுக்கலாம். படத்தின் ஓரங்களில் கூர்மை கொஞ்சம் குறையும், ஊதா விளிம்பு கொஞ்சம் தெரியும். எஃப்/11-க்கு மூடினால் பெருமளவு சரியாகிவிடும்.

உங்களிடம் ஏற்கெனவே ஒரு டெலி ஜூம் இருந்து, எடுக்கப்போவது பவளம் மட்டும் என்றால் டி.சி.ஆர்.-150 வாங்கிக்கொண்டு நிறுத்திவிடுங்கள். நான் விசாரித்தபோது புதிது ஆறாயிரத்துச் சொச்சம் சொன்னார்கள். நான் அதற்கு மேலே போனது மீனுக்காக. இதிலும் ஃபோகஸ் நகரும் எல்லை ஒரு சில செ.மீ.தான். மீன் ஒரு வாலடியில் அதைக் கடந்துவிடும்.

சரி, தனி மேக்ரோதான் என்று முடிவானதும் ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு கணக்குப் போட்டேன். விளம்பரத்தில் 'குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் 20 செ.மீ.' என்று இருக்கும். அது சென்சாரிலிருந்து அளப்பது. கேமரா உடம்பின் மேல் ஒரு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும் போட்டிருக்கும் இடம்தான் சென்சார் இருக்கும் தளம். அதிலிருந்து மவுண்ட்டின் 44 மி.மீ.யையும் லென்ஸின் நீளத்தையும் கழித்தால் மிஞ்சுவதே நமக்குக் கிடைக்கும் தூரம். கேனான் இ.எஃப்.-எஸ். 60 மி.மீ. மேக்ரோவின் நீளம் 70 மி.மீ. 200-இல் 44-உம் 70-உம் போனால் 86 மி.மீ., ஒன்பது செ.மீ.கூட இல்லை. 35 மி.மீ. மேக்ரோவில் மூன்று செ.மீ.தான் மிஞ்சும். கேனான் இ.எஃப். 100 மி.மீ. எஃப்/2.8 மேக்ரோ யு.எஸ்.எம்., அதாவது சிவப்பு வளையம் இல்லாத பழைய மாடல், 310-இல் 44-உம் 119-உம் போக ஏறக்குறைய 147 மி.மீ. தருகிறது. பதினைந்து செ.மீ. தூரத்தில் ஒன்றுக்கு ஒன்று, அதாவது பொருளின் நிஜ அளவே சென்சாரில் விழும். தண்ணீர்ச் சலுகையையும் சேர்த்தால் என் ஜோவாந்தஸை இது தாராளமாக எட்டும்.

டாம்ரான் 90-இன் பழைய மாடலும் டோக்கினா 100-உம் விலையில் குறைவு, படத்தில் குறைவில்லை. இரண்டிலும் கிட்டே ஃபோகஸ் செய்யச் செய்யக் குழல் முன்னால் நீளும், நீளும் அளவுக்குத் தூரம் குறையும். கண்ணாடியை ஒட்டி வேலை செய்கிறவருக்கு நீளாத குழல் எவ்வளவு நிம்மதி என்பது ஒருமுறை இடித்துப் பார்த்தால் தெரியும். யு.எஸ்.எம். 100 உள்ளுக்குள்ளேயே ஃபோகஸ் செய்கிறது, நீளம் மாறுவதில்லை. நிக்கான்காரர்கள் 105 மி.மீ. வி.ஆர். மைக்ரோவைப் பழையதில் தேடலாம். இறால் மட்டும் வளர்க்கும் ஓரடி டேங்க் என்றால் 60 மி.மீ. வகையே போதும். அங்கே இறால் பெரும்பாலும் கண்ணாடிமேலேயே ஏறி நிற்கும்.

பழைய யு.எஸ்.எம். 100 வாங்கப் போகும்போது என் கேமரா, மெமரி கார்டு, சின்ன எல்.இ.டி. டார்ச், ஸ்கேல் எல்லாம் கையோடு கொண்டுபோனேன். முதலில் பார்த்த லென்ஸ் வெளியே புத்தம்புதிது போல இருந்தது. பின்பக்கத்திலிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கமாகப் பார்த்தபோது, உள் கண்ணாடி ஒன்றின் ஓரத்தில் சிலந்தி வலை போல வெள்ளை இழை படர்ந்திருந்தது. ஃபங்கஸ். சென்னைக் காற்றில் அலமாரியில் பூட்டி வைத்த லென்ஸ்களுக்கு வருகிற நோய் அது. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இரண்டாவது லென்ஸில் தூசி நாலைந்து துகள், இழை ஏதும் இல்லை. தூசியால் படத்துக்கு ஒன்றும் ஆகாது.

அதை மாட்டியதும் வரிசையாகச் சோதித்தேன். ஃபோகஸ் வளையத்தைக் கைகொண்டு முழுச் சுற்று திருப்பினேன், எங்கேயும் சிக்கவில்லை. ஆட்டோஃபோகஸைக் கிட்டே ஒருமுறை, தூரத்தில் ஒருமுறை ஓடவிட்டேன். எஃப்/2.8-இல் மட்டும் பார்த்தால் போதாது. எஃப்/16-க்கு மூடிப் பத்துப் பதினைந்து படம் விடாமல் எடுக்க வேண்டும். அப்பர்ச்சர் கேபிள் நைந்துபோன லென்ஸ் திறந்தபடி நன்றாக வேலை செய்யும், மூடும்போதுதான் எரர் காட்டும். கடைசியாக ஸ்கேலை மேசைமேல் வைத்து, மிகக் கிட்டே போய் ஒரு படம். ஃபிரேமின் அகலத்தில் 22 மி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தால் ஒன்றுக்கு ஒன்று சரியாக வருகிறது என்று பொருள். தெரிந்தது. 21,000 சொன்னார், 19,000-த்துக்கு முடிந்தது. ஹூட் இல்லை. லென்ஸ் முனையில் மாட்டும் 58 மி.மீ. ரப்பர் ஹூட் ஒன்று 220 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டேன். டேங்க்குக்கு அதுதான் நல்லது.

இனி படமெடுத்த விதம். பவளத்துக்கு ஒரு முறை, மீனுக்கு வேறு முறை.

பவளம் எடுக்க வேவ்மேக்கரையும் (அலை உண்டாக்கும் பம்ப்) ஸ்கிம்மரையும் (நுரையோடு கழிவைப் பிரிக்கும் கருவி) நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் விடுவேன், தூசியும் குமிழும் அடங்கும். படம் முடிந்ததும் மறக்காமல் போட வேண்டும், அதற்காகவே போனில் அலாரம் வைக்கிறேன். கண்ணாடியின் உள்பக்கப் பாசியை முந்தின நாளே சுரண்டிவிடுவது நல்லது. அன்றே சுரண்டினால் துகள் மிதக்கும். வெளிப்பக்கத்துக்கு ஆர்.ஓ. தண்ணீரில் நனைத்த மைக்ரோஃபைபர் துணி போதும். கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரேயை டேங்க் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

ரப்பர் ஹூட்டைக் கண்ணாடியோடு அழுத்தி ஒட்டிவிட்டால் அறையின் பிரதிபலிப்பு முழுக்கப் போய்விடும், கேமராவும் ஆடாது. லென்ஸ் கண்ணாடிக்கு நேர்செங்குத்தாக இருப்பது கட்டாயம். ஐந்து டிகிரி சாய்ந்தாலும் பாலிப்பின் ஓரங்கள் இரட்டையாகி நிறம் பிரிகிறது. ஸ்டாண்டில் வைத்து, லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி, கையால் ஃபோகஸ். இரண்டு நொடி டைமர். எஃப்/11, ஐ.எஸ்.ஓ. 400. ஒன்றுக்கு ஒன்றில் எஃப்/11 வைத்தாலும் கூர்மையாக இருக்கும் ஆழம் ஒரு மி.மீ.க்கும் குறைவு. ஆகவே பாலிப் நம்மைப் பார்த்து விரிந்திருக்கும் கோணத்தைத் தேட வேண்டும். வாயும் இழை நுனியும் ஒரே தளத்தில் இருந்தால்தான் இரண்டும் தெளியும். எஃப்/16-க்கு மேல் மூடினால் ஆழம் கூடுகிறது, ஆனால் படம் மொத்தமாக மங்குகிறது.

நிறத்தோடு கொஞ்சம் போராட்டம் இருந்தது. ரீஃப் விளக்கின் நீலத்தில் எடுத்தால் எல்லாம் ஒரே நீலம், சிவப்பு விவரமே பதிவதில்லை, ரா (RAW) கோப்பாக எடுத்துத் திருத்தினாலும் திரும்பி வருவதில்லை. விளக்கின் வெள்ளைச் சானலை ஏற்றி, நீலத்தைப் பாதிக்கு இறக்கினேன். வெள்ளை பி.வி.சி. பைப் துண்டு ஒன்றை நன்றாகக் கழுவி, ஜோவாந்தஸ் பக்கத்தில் இறக்கி, அதைப் படமெடுத்து, இதுதான் வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் வைத்தேன். இந்த ஒரு பைப் துண்டு செய்த உதவி பெரிது. விளக்கை மங்கவைத்திருக்கும்போது ஷட்டர் வேகத்தை ஏற்றினால் படத்தில் குறுக்குப் பட்டைகள் விழும். 1/60-க்குக் கீழேயே இருந்தால் தப்பிக்கலாம்.

மீனுக்கு இதெல்லாம் உதவாது. மீனுக்கு ஃபிளாஷ் வேண்டும். என்னிடம் இருந்த யோங்னுவோ 560-ஐ டேங்கின் மேல் ஒரு அக்ரிலிக் தகட்டின்மேல் கவிழ்த்து வைத்தேன், வயர்லெஸ் டிரிகரால் இயக்கம். தகடு இல்லாமல் வைக்காதீர்கள். உப்புத்தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போனாலும் ஃபிளாஷ் போய்விடும், மின்சாரமும் பக்கத்திலேயே இருக்கிறது. மேலிருந்து வரும் ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்புவதில்லை, மீனுக்கும் வெயில் விழுவது போல இயல்பாக இருக்கிறது. 1/200, எஃப்/11, ஐ.எஸ்.ஓ. 200, ஃபிளாஷ் கால் பவர். முதல் சில வெளிச்சத்துக்கு மீன்கள் இரண்டும் பாறைக்குப் பின்னால் போயின. பிறகு கண்டுகொள்ளவில்லை.

இந்த லென்ஸின் பக்கவாட்டில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. 0.31 மீட்டர் முதல் என்றோ 0.48 மீட்டர் முதல் என்றோ ஆட்டோஃபோகஸுக்கு எல்லை போடலாம். 0.48-இல் வைத்ததும் முன்னும் பின்னும் தேடுவது நின்றுவிட்டது. அந்த எல்லையில் ஃபிரேமில் ஏறக்குறைய ஆறு செ.மீ. அடங்குகிறது, முழு மீனுக்குச் சரியான அளவு. ஆழமும் நாலு மி.மீ. வரை கிடைக்கிறது, மீன் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் கண்ணும் செதிலும் சேர்ந்தே தெளிகின்றன. ஆனால் அப்போது லென்ஸ் மீனிலிருந்து முப்பது செ.மீ. தள்ளி இருக்க வேண்டும், அதாவது ஹூட் கண்ணாடியைத் தொடாது. அறை விளக்கை அணைத்து, கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டுக் கேமராவுக்கு முன்னால் தொங்கவிட்டேன். பிரதிபலிப்பு போய்விட்டது.

மீனைத் துரத்துவதைவிட, அது திரும்பத் திரும்ப வருகிற இடத்தில் ஃபோகஸை வைத்துக் காத்திருப்பது நல்லது. கோமாளி மீன் தன் இடத்தை விட்டு அதிகம் போகாது. என் ஜோடி, காளான் பவளத்தின் இடப்பக்கத்தை விட்டு நகர்வதேயில்லை. அப்படிக் கிடைத்த ஒரு படத்தில் வெள்ளைப் பட்டையின் ஓரத்தில் ஓடும் கறுப்புக் கோடு செதில் செதிலாகப் பல் போல வெட்டுண்டு இருப்பது தெரிகிறது. வெறும் கண்ணுக்கு அது ஒரே நேர்கோடு. இத்தனை நாள் தீனி போட்டு வளர்க்கிறேன், இதை நான் பார்த்ததே இல்லை.

செலவுக் கணக்கு: ரிங் 250, டியூப் 2,100, லென்ஸ் 19,000, ரப்பர் ஹூட் 220, அக்ரிலிக் தகடு 180. மொத்தம் 21,750. ரிங்கும் டியூபும் இல்லாமலேயே இந்தப் படங்கள் வந்திருக்கும்.

லென்ஸைப் பாதுகாக்கக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் முள் நின்றால் சரி. டேங்க் பக்கம் பயன்படுத்திய அன்று ஈரத்துணியால் குழலை ஒருமுறை துடைத்துக் காயவிட்ட பிறகே டப்பாவில் போடுவேன், உப்பு படியக்கூடாது.

அடுத்த டேங்க் கட்டும்போது முன் கண்ணாடியை மட்டும் இரும்புச்சத்து குறைந்த எக்ஸ்ட்ரா கிளியரில் போடுவேன். சாதா கண்ணாடியின் பச்சைச் சாயல் படத்தில் வெள்ளையைக் கெடுக்கிறது, கொஞ்சம் சாய்வாகப் பார்த்தால் இன்னும் அதிகம். படமெடுக்க ஆசைப்படும் பவளத்தைக் கண்ணாடியிலிருந்து பத்து செ.மீ.க்குள் வரும்படி பாறையை அடுக்குவேன். கொளத்தூர் அண்ணனின் டி.சி.ஆர்.-150 இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதை இந்த 100-இன் முனையில் மாட்டினால் ஒன்றுக்கு மேல் போகும், தூரம் பத்து செ.மீ. அளவுக்கு இறங்கும். முன்வரிசைக் காளான் பவளத்தில் அதைச் சோதித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.